பிடிக்காத பெண் சொன்னால் அது பொய்யா?

1.

மக்களே, கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையாகப் படியுங்கள்.

இன்றைக்கு டெங்கு, சுகர், பிரஷர் எதுவும் இல்லை. நாவல்களைப் பற்றிப் பேசப் போகிறேன். "டாக்டர், உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்பீர்கள். கடைசி வரை வாருங்கள், இதுவும் என் வேலைதான் என்று புரியும்.

ஒரு எச்சரிக்கை. பல கதைகளின் முடிவைப் போட்டு உடைக்கப் போகிறேன். சஸ்பென்ஸ் கெடக் கூடாது என்பவர்கள் படித்துவிட்டு வந்து சண்டை போடுங்கள், காத்திருக்கிறேன்.

2.

'கான் கேர்ள்', 'த கேர்ள் ஆன் த ட்ரெய்ன்' மாதிரி குடும்ப சஸ்பென்ஸ் கதைகளைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இரண்டு வசனங்கள் தவறாமல் வரும்.

"அந்தப் பொம்பளைய எனக்குப் புடிக்கவே இல்ல. பாதியிலயே மூடி வச்சிட்டேன்."

"அவ குடிகாரி, பொய் வேற சொல்றா. அவ சொல்றத எப்படிங்க நம்புறது?"

இரண்டும் ஒரே புகார் மாதிரி இருக்கும். ஆனால் முதலாவது உங்கள் ரசனை. அதைக் கேள்வி கேட்க எனக்கு உரிமை இல்லை. இரண்டாவது ஒரு தீர்ப்பு. அதற்கு ஆதாரம் வேண்டும்.

நம்மில் பலர் ஆதாரம் தேடுவதே இல்லை. பிடிக்கவில்லை, எனவே நம்பவில்லை. கணக்கு முடிந்தது.

இந்தக் கணக்கு தப்பு என்பதுதான் இந்த த்ரெட். கதைப் புத்தகத்தில் போடும் இதே கணக்கைத்தான் காவல் நிலையத்திலும், குடும்பப் பஞ்சாயத்திலும், எங்கள் கேஷுவாலிட்டியிலும் போடுகிறோம்.

3.

முதலில் ஒரு சின்ன விளக்கம்.

கதையை "நான்" என்று சொல்பவர் முழு உண்மையைச் சொல்லவில்லை, அல்லது அவருக்கே உண்மை தெரியவில்லை என்றால் அவரை "நம்பத்தகாத கதைசொல்லி" என்பார்கள். வெய்ன் பூத் என்ற அமெரிக்க விமர்சகர் 1961-இல் எழுதிய நூலில் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பெயர்தான் புதுசு, ஆள் பழசு.

இப்படிப்பட்ட கதைசொல்லியைத் திருமணம், வீடு, அண்டை வீடு, கணவன் மனைவி என்ற வட்டத்துக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தால் குடும்ப சஸ்பென்ஸ். 2012-இல் கில்லியன் ஃப்ளின் எழுதிய 'கான் கேர்ள்', 2015-இல் பாலா ஹாக்கின்ஸ் எழுதிய 'த கேர்ள் ஆன் த ட்ரெய்ன்' இரண்டும் உலகம் முழுக்க விற்றுத் தீர்ந்தன, இரண்டும் படமாகின. அதற்குப் பிறகு இந்த வகைக் கதைகள் மழைக்கால ஈசல் மாதிரி கிளம்பிவிட்டன.

4.

ரேச்சலை எடுத்துக்கொள்வோம். 'த கேர்ள் ஆன் த ட்ரெய்ன்' கதாநாயகி.

குடிநோயாளி. வேலை போய்விட்டது. போனது வீட்டுத் தோழிக்குத் தெரியக் கூடாது என்று தினமும் காலை ரயில் ஏறி லண்டன் போய் வருகிறாள். முன்னாள் கணவன் டாமுக்குப் போதையில் போன் போட்டுத் தொல்லை தருகிறாள். காணாமல் போன மேகன் என்ற பெண்ணின் கணவனிடம், "நான் மேகனின் தோழி" என்று பொய் சொல்லி வீட்டுக்குள் போகிறாள். மேகன் காணாமல் போன இரவு தான் எங்கே இருந்தோம் என்பதே அவளுக்கு ஞாபகம் இல்லை.

பிடிக்குமா இவளை? கஷ்டம்தான்.

போலீசுக்கும் பிடிக்கவில்லை. அவள் சாட்சியைக் குப்பைத் தொட்டியில் போடுகிறார்கள்.

எதிர்ப்பக்கம் டாம் இருக்கிறான். வேலைக்குப் போகிறவன், புது மனைவி, கைக்குழந்தை, பழைய மனைவியின் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளும் நல்ல மனுஷன். யாரைக் கேட்டாலும் "பாவம் சார் அவரு" என்பார்கள்.

கொலைகாரன் அந்த நல்ல மனுஷன்தான்.

5.

இதில் நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது வேறு ஒரு இடம்.

திருமண வாழ்க்கையில் ரேச்சல் போதையில் நினைவிழந்த ஒவ்வொரு இரவுக்கும் மறுநாள் டாம் கதை சொல்வான். நீ இப்படிக் கத்தினாய், நீ கோல்ஃப் மட்டையைத் தூக்கிக்கொண்டு என்னை அடிக்க வந்தாய். அவளுக்கு நினைவில்லை, அதனால் நம்புவாள். வெட்கப்படுவாள், மன்னிப்புக் கேட்பாள், வெட்கம் தாங்காமல் இன்னும் குடிப்பாள்.

உண்மையில் மட்டையைத் தூக்கியவன் அவன்.

அந்த இரவை நினைத்தால் குற்ற உணர்ச்சி வர வேண்டிய இடத்தில் அவளுக்குப் பயம்தான் வருகிறது. ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்ற அந்த நூல்முனையைப் பிடித்துத்தான் அவள் உண்மைக்கு வந்து சேர்கிறாள்.

அவளை "நம்பத்தகாத கதைசொல்லி" ஆக்கியதில் மதுவுக்குப் பாதிப் பங்கு என்றால், பக்கத்தில் படுத்திருந்தவனுக்கு மீதிப் பாதி.

பிடிக்காத குணம் எல்லாம் அவளிடம் இருக்கிறது. பொய்யும் சொல்கிறாள். ஆனாலும் கதையின் மையமான விஷயத்தில் அவள் சொல்வதுதான் உண்மை. ஹாக்கின்ஸ் அவளை நல்லவளாக, சாதுவாக எழுதியிருந்தால் அவளை நம்ப நமக்கு எந்த உழைப்பும் தேவைப்பட்டிருக்காது. கதையும் நமக்கு எதையும் கற்றுத் தந்திருக்காது.

6.

"அப்போ கான் கேர்ள்? அதுல அவதானே பொய் சொன்னா?"

வந்துட்டீங்களா? வாங்க.

'கான் கேர்ள்' முதல் பாதியில் எமியின் டைரி வரும். அந்த டைரி எமியை யாருக்காவது பிடிக்காமல் இருந்ததா? காதலிக்கிறாள், விட்டுக்கொடுக்கிறாள், கணவனைக் கண்டு மெல்ல மெல்லப் பயப்படுகிறாள். நிக் அப்படி இல்லை. மனைவி காணாமல் போயிருக்கும்போது கேமரா முன்னால் சிரிக்கிறான். மாணவி ஒருத்தியோடு தொடர்பு வைத்திருக்கிறான். போலீசிடமும் நம்மிடமும் மறைக்கிறான்.

பாதியில் திருப்பம். டைரி மொத்தமும் எமி திட்டமிட்டு எழுதிய போலி. நிக் கொலை செய்யவில்லை.

யோசித்துப் பாருங்கள். பொய் சொன்னவள் நமக்குப் பிடித்த எமி. கொலை விஷயத்தில் உண்மை சொன்னவன் நமக்குப் பிடிக்காத நிக்.

ரேச்சல் கதையும் எமி கதையும் எதிரெதிர்க் கதைகள் என்று நினைப்பீர்கள். இரண்டும் ஒரே பாடம். பிடித்திருக்கிறது என்பது ஆதாரம் கிடையாது. பிடிக்கவில்லை என்பதும் ஆதாரம் கிடையாது.

இன்னொன்று, எங்கள் துறைக்கு உறைக்கிற விஷயம். தான் கர்ப்பம் என்று காட்ட எமி பக்கத்து வீட்டுக் கர்ப்பிணியின் சிறுநீரைத் தந்திரமாக எடுத்துத் தன் மாதிரியாகக் கொடுக்கிறாள். ஆஸ்பத்திரி ரெக்கார்டில் "பாசிட்டிவ்" என்று ஏறிவிடுகிறது. ரிப்போர்ட் சொன்னது சரி, யாருடைய சிறுநீர் என்பதுதான் தப்பு. சீல் வைத்த காகிதம்கூட ஒரு கதைசொல்லிதான். அதையும் விசாரிக்க வேண்டும்.

7.

இந்த இடத்தில் ஒரு கூட்டம் வரும். "பாத்தீங்களா, பொய்க் கேஸ் போடுற பொம்பளைங்க எப்படி இருப்பாங்கன்னு அந்தப் படமே காட்டிடுச்சு" என்பார்கள்.

அவர்களிடம் ஒரே கேள்வி. கற்பனைப் பாத்திரம் எமியை வைத்து ஊரிலுள்ள மனைவிமார் எல்லாரையும் சந்தேகப்படலாம் என்றால், கற்பனைப் பாத்திரம் டாமை வைத்து ஊரிலுள்ள கணவன்மார் எல்லாரையும் சந்தேகப்படலாமா?

முடியாது, இல்லையா? அதேதான் இங்கேயும்.

பொய்ப் புகார் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறதா? இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க விசாரணை இருக்கிறது. "அவ மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்பது விசாரணை ஆகாது.

8.

பிடித்தவரை நம்புவது எவ்வளவு ஆபத்து என்று தெரிய வேண்டுமா? 1938-இல் டாஃப்னி டு மாரியே எழுதிய 'ரெபெக்கா' படியுங்கள்.

கதை சொல்பவள் மாக்ஸிம் என்ற பணக்காரரின் இரண்டாவது மனைவி. கூச்ச சுபாவம், அப்பாவி, கடைசி வரை பெயர்கூடச் சொல்லப்படாது. நமக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். அவளுக்கு மாக்ஸிமைப் பிடிக்கும்.

ஒரு கட்டத்தில் மாக்ஸிம், முதல் மனைவி ரெபெக்காவைத் தானே சுட்டுக் கொன்றதாக ஒப்புக்கொள்கிறார். அதைக் கேட்ட இரண்டாவது மனைவிக்கு வரும் பெரிய உணர்ச்சி என்ன தெரியுமா? நிம்மதி. இவர் ரெபெக்காவைக் காதலிக்கவே இல்லை என்ற நிம்மதி!

நாமும் அதற்குப் பிறகு, இவர் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நகத்தைக் கடித்துக்கொண்டு படிக்கிறோம். ரெபெக்கா மோசமானவள் என்று நமக்குச் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் செத்துப் போனவள் தன் பக்கத்தைச் சொல்ல இத்தனை பெரிய நாவலில் ஒரு பக்கம்கூட இல்லை.

1940-இல் ஹிட்ச்காக் இதைப் படமாக்கியபோது, கொலையை விபத்தாக மாற்ற வேண்டி வந்தது. கொலை செய்தவன் தண்டனை இல்லாமல் தப்பிக்கக் கூடாது என்பது அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி. சென்சார்காரர்களுக்கு உறுத்தியது, வாசகர்களான நமக்கு உறுத்தவில்லை. ஏன் என்றால் கதை சொன்ன பெண்ணை நமக்குப் பிடித்துவிட்டது.

9.

சரி, புத்தகத்தை மூடுவோம். கேஷுவாலிட்டிக்கு வாருங்கள்.

அரசு மருத்துவமனையில் இரவு டியூட்டி பார்த்த எந்த டாக்டரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். கை வீங்கி ஒரு பெண் வருவார். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்."

வழுக்கி விழுகிறவர் பொதுவாகக் கையை ஊன்றுவார். அப்போது உடைவது பெரும்பாலும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே இருக்கும் ரேடியஸ் எலும்பு. ஆனால் எக்ஸ்ரேயில், முன்கையின் நடுவில், சுண்டுவிரல் பக்கம் இருக்கும் அல்னா எலும்பு மட்டும் உடைந்திருக்கும். முகத்தில் விழ வந்த அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினால் இப்படி உடையும். போலீஸ் தடியின் பெயரால் இதை "நைட்ஸ்டிக் ஃப்ராக்ச்சர்" என்றே சொல்வோம். வேறு விதத்திலும் உடையலாம், ஆனால் இதைப் பார்த்தால் சந்தேகம் வர வேண்டும்.

அந்தப் பெண் சொன்னது பொய். ஏன் சொன்னார்?

கூட வந்தவர் பக்கத்திலேயே நிற்கிறார். ரொம்ப மரியாதையானவர். பழைய சீட்டு எல்லாம் ஒழுங்காக ஃபைலில் வைத்திருப்பார். நாம் அந்த அம்மாவிடம் கேட்கும் கேள்விக்கு அவரே பதில் சொல்வார். "அவளுக்குக் கொஞ்சம் மறதி டாக்டர். எதையும் மாத்தி மாத்திச் சொல்லுவா."

அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு நர்ஸ் அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு நிமிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். கதை மாறும்.

10.

கதை மாறியவுடன் என்ன சொல்வார்கள் தெரியுமா?

"முதல்ல வழுக்கி விழுந்தேன்னு சொன்னா, இப்போ அடிச்சாங்கன்னு சொல்றா. இவள எப்படி நம்புறது?"

பயத்தில் சொன்ன பொய்யை வைத்து, பயம் போனபின் சொன்ன உண்மையைத் தள்ளுபடி செய்கிறார்கள்.

அதோடு விடுவதில்லை. அவர் கத்திப் பேசினால், "இப்படிக் கத்துறவள எவன்தான் அடிக்க மாட்டான்?" அழாமல் இருந்தால், "ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரல பாருங்க." அழுதால், "நல்லா நடிக்கிறா." நம்பப்பட வேண்டும் என்றால் அடி வாங்கிய பெண் எப்படித்தான் இருக்க வேண்டும்? முதலில் நமக்குப் பிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். அதன் பிறகுதான் எலும்பைப் பார்ப்பார்கள்.

உடைந்த எலும்புக்கு அவர் குணம் தெரியாது மக்களே. எந்தத் திசையிலிருந்து அடி வந்தது என்பது மட்டும்தான் அதில் பதிந்திருக்கும்.

அதனால்தான் விபத்துப் பதிவேட்டில் நோயாளி சொன்னதை அவர் சொன்னபடியே எழுத வேண்டும், காயத்தை நாம் பார்த்தபடி எழுத வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் பொருந்தவில்லை என்பதுதான் தகவல். நம் விருப்பு வெறுப்புக்கு அந்தப் பதிவேட்டில் காலம் கிடையாது.

11.

"இதெல்லாம் படிக்காதவங்க பண்றது டாக்டர்" என்று தப்பிக்க முடியாது. சட்டமே இந்தக் கணக்கைப் போட்டது.

இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 155-ஆவது பிரிவில் நான்காவதாக ஒரு உட்பிரிவு இருந்தது. பாலியல் வன்முறை வழக்கில் புகார் கொடுத்த பெண் பொதுவாக ஒழுக்கம் கெட்டவள் என்று காட்டி, அவள் சாட்சியை உடைக்கலாம் என்றது அது. 1872-இல் வந்த சட்டம். அந்த உட்பிரிவை நீக்க 2002-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வர வேண்டியிருந்தது. நூற்றுமுப்பது வருடம்!

மருத்துவமும் யோக்கியம் இல்லை. "இருவிரல் பரிசோதனை" என்ற பெயரில், பாதிக்கப்பட்ட பெண் உடலுறவுக்குப் பழகியவளா என்று டாக்டர்கள் கருத்து எழுதிக் கொடுத்தார்கள். அறிவியல் அடிப்படை துளியும் இல்லாத வேலை. உச்ச நீதிமன்றம் 2013-இல் இதைக் கண்டித்தது. 2022-இல் மறுபடியும் கண்டித்து, இனி இதைச் செய்பவர் தவறான நடத்தைக் குற்றத்துக்கு ஆளாவார் என்று சொல்ல வேண்டி வந்தது.

"நல்ல பெண்ணா? அப்படியானால் நம்புவோம்." ரேச்சலை மூடி வைத்த வாசகரும் இதே வரிசையில்தான் நிற்கிறார். என்ன, அவர் கையில் இருப்பது ஒரு நாவல் மட்டும் என்பதால் யாருக்கும் காயம் இல்லை.

12.

எங்கள் துறையைப் பற்றி இன்னும் ஒன்று.

1892-இல் ஷார்லட் பெர்கின்ஸ் கில்மன் 'த யெல்லோ வால்பேப்பர்' என்று ஒரு சிறுகதை எழுதினார். பிரசவத்துக்குப் பின் மனம் சோர்ந்த ஒரு பெண்ணை அவள் கணவன் ஓர் அறையில் "ஓய்வு" எடுக்க வைக்கிறான். எழுதக் கூடாது, யோசிக்கக் கூடாது. அவள் ஒளித்து வைத்து எழுதும் குறிப்புகள்தான் கதை. கடைசியில் சுவரில் ஒட்டிய காகிதத்துக்குள் ஒரு பெண் சிக்கியிருப்பதாகப் பார்க்கத் தொடங்குகிறாள்.

அவள் நம்பத்தகாத கதைசொல்லி. சரி. கணவன்? அவன் ஒரு டாக்டர். அவளுக்கு ஒன்றுமில்லை என்று அன்பாக, உறுதியாக, கடைசி வரை சொல்லிக்கொண்டே இருக்கிறான். இருவரில் யார் அதிகம் தப்பு?

கில்மனுக்கே அந்தச் சிகிச்சை நடந்தது. 1887-இல் சைலஸ் வெய்ர் மிட்சல் என்ற மிகப் பெரிய நரம்பியல் நிபுணர் அவருக்குக் கொடுத்தார். பேனாவைத் தொடாதே என்பது அதில் ஓர் உத்தரவு. நோயாளி சொல்வதைக் கேட்காத டாக்டர், நோயாளி சொல்வதை எழுதவும் விடவில்லை.

"கேஸ்லைட்டிங்" என்று இன்றைக்கு எல்லாரும் சொல்கிறோமே, அந்த வார்த்தையும் குடும்ப சஸ்பென்ஸ் தந்ததுதான். பேட்ரிக் ஹாமில்டன் 1938-இல் எழுதிய நாடகம், 1944-இல் இங்க்ரிட் பெர்க்மன் நடித்து ஆஸ்கர் வாங்கிய படம். கணவன் ரகசியமாக மாடியில் விளக்கேற்றும்போது கீழே கேஸ் விளக்கு மங்கும். மனைவி அதைப் பார்ப்பாள். "உன் கற்பனை" என்பான். அவள் பார்த்தது உண்மை.

13.

இவ்வளவு நேரம் வாசகரைத் திட்டினேன். இனி எழுத்தாளர்கள் முறை.

இந்த வகையில் சிறந்த கதைகள் செய்த நல்ல வேலையைப் பின்னால் வந்த பல கதைகள் கெடுக்கின்றன. பெண்ணை நம்ப வைக்கக் கூடாதா? போடு ஒரு மனநோய். கொடு நாலு மாத்திரை, கூட ஒரு பாட்டில் ஒயின். கடைசி அத்தியாயத்தில் எல்லாம் திடீரென்று ஞாபகம் வரட்டும். கதை ரெடி.

முதலில் ஞாபக விஷயம்.

வேகமாகக் குடிக்கும்போது ரத்தத்தில் ஆல்கஹால் சட்டென்று ஏறும். மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி புது நினைவுகளைப் பதிவதை நிறுத்திவிடும். ஆள் நடப்பார், பேசுவார், சண்டை போடுவார், ஆனால் எதுவும் பதியாது. இது மயக்கம் கிடையாது, பதிவு நின்றுபோன நிலை. இதைத்தான் "பிளாக்அவுட்" என்கிறோம்.

இதில் இரண்டு வகை. ஒன்று, துண்டு துண்டாக விட்டுப்போவது. அந்த இடத்துக்குப் போனாலோ யாராவது எடுத்துச் சொன்னாலோ சில துண்டுகள் திரும்ப வரலாம். மற்றது, மொத்தமாகப் பதியாமல் போவது. அது திரும்பவே திரும்பாது. பதியாத கேசட்டை எத்தனை முறை ஓட்டினாலும் பாட்டு வருமா?

ஹாக்கின்ஸ் ரேச்சலுக்குப் பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் நினைவைத் திருப்பித் தருகிறார், பரவாயில்லை. ஆனால் சிசிடிவி காட்சி மாதிரி முழு இரவும் துல்லியமாகத் திரும்பி வரும் கதைகள் எல்லாம் சுத்தப் புருடா.

ஒரு வேலை செய்திருந்தால் அந்த எழுத்தாளர்களைப் பாராட்டியிருப்பேன். நினைவு இல்லாத இடத்தை மூளை சும்மா விடாது, மற்றவர்கள் சொன்னதை வைத்து நிரப்பிக்கொள்ளும். அடுத்த நாள் கதை சொல்பவர் யாரோ, அவர் கையில்தான் அந்த இரவு. டாம் செய்தது அதுதான். மருத்துவத்தில் உண்மையான சஸ்பென்ஸ் அங்கேதான் இருக்கிறது.

14.

அடுத்தது மனநோய். இங்கேதான் எனக்கு உண்மையான கோபம்.

2018-இல் வந்த 'த வுமன் இன் த விண்டோ'வில் அன்னா வெளியே போகவே பயப்படும் நோயால் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறாள். மாத்திரையோடு ஒயின் குடிக்கிறாள். எதிர் வீட்டில் ஒரு பெண்ணைக் குத்தியதைப் பார்க்கிறாள். யாரும் நம்பவில்லை. கடைசியில் அவள் பார்த்தது உண்மை என்று தெரிகிறது. இதில் எனக்குப் புகார் இல்லை, நல்லதுதான்.

2019-இல் வந்த 'த சைலன்ட் பேஷன்ட்' இன்னும் ஒருபடி மேலே. கணவனைச் சுட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும் அலிசியாவை எல்லாரும் பைத்தியம் என்கிறார்கள். கதை சொல்பவர் அவளுக்குச் சிகிச்சை தரும் தியோ என்ற உளவியல் சிகிச்சையாளர். அமைதியான, அக்கறையான குரல். அவர்தான் நம்மை ஏமாற்றுகிறார். அந்தக் கொலைக்குக் காரணமான இரவில் அவளைக் கட்டிப்போட்டவரே அவர்தான்.

ஆனால் இவற்றைப் பார்த்து எழுதிய நூறு கதைகள் என்ன செய்கின்றன? "அவளுக்கு ஏற்கெனவே மனநோய் இருந்தது" என்று ஒரு வரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதையே பொய்க்கும் கொலைக்கும் காரணமாகக் காட்டுகின்றன.

மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலானோர் யாரையும் தாக்குவதில்லை. தாக்குதலுக்கு ஆளாகும் வாய்ப்புதான் அவர்களுக்கு அதிகம். மனச்சோர்வு ஒருவரைப் பொய்யர் ஆக்காது. பதற்ற நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர் கண்ணால் கண்டதைக் கண்டதாகத்தான் சொல்வார்.

15.

"கதைதானே டாக்டர், பொழுதுபோக்குக்குப் படிக்கிறோம், இதுக்கு ஏன் இவ்வளவு சூடு?"

சொல்கிறேன்.

வீட்டில் அடி வாங்கி, தூக்கம் இல்லாமல், சாப்பாடு இறங்காமல் வரும் பெண்ணிடம், "மனநலப் பிரிவு ஓ.பி.யில் ஒருமுறை காட்டும்மா" என்று சொன்னால் வரும் பதில் என்ன தெரியுமா?

"வேணாம் டாக்டர். நாளைக்கு அந்தச் சீட்டைக் காட்டியே என்னைப் பைத்தியம்னு சொல்லிடுவாங்க. புள்ளையப் புடுங்கிடுவாங்க."

மாத்திரை அட்டையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைப்பவர்கள் உண்டு. மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. சிகிச்சை எடுத்தால் தன் வார்த்தைக்கு மதிப்பு போய்விடும் என்ற பயத்தில் ஒருவர் சிகிச்சையையே விடுகிறார். அந்தப் பயம் வெறும் கற்பனை என்று என்னால் சொல்ல முடியவில்லை. சுற்றி இருப்பவர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள். கதையும் சினிமாவும் சீரியலும் அப்படித்தான் பேசப் பழக்கியிருக்கின்றன.

16.

அந்தப் பெண்களுக்காகச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 3: ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்று கண்டறிவதால் மட்டுமே அவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கருத முடியாது. அதற்கு உரிய நீதிமன்றம் அப்படி அறிவித்திருக்க வேண்டும்.

இந்துத் திருமணச் சட்டத்தில் மனநோய் விவாகரத்துக்கு ஒரு காரணம்தான். ஆனால் சேர்ந்து வாழ்வதை நியாயமாக எதிர்பார்க்கவே முடியாத அளவுக்கு நோய் தீவிரமாக இருக்க வேண்டும். வெறுமனே ஒரு நோயின் பெயரைச் சொன்னால் போதாது என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது. அந்த வழக்கில் பேசப்பட்ட நோய் ஸ்கிசோஃப்ரினியா. அதற்கே அப்படி என்றால், தூக்கம் வராமல் நாலு மாதம் மாத்திரை சாப்பிட்டதை வைத்து உங்களை யாரும் "செல்லாத சாட்சி" ஆக்க முடியாது.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

17.

எழுத்தாளர்களுக்கு ஒரு வார்த்தை. வாசகனை ஏமாற்ற நோய் தேவையே இல்லை.

1926-இல் அகதா கிறிஸ்டி 'த மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்டு' எழுதினார். நம்பத்தகாத கதைசொல்லிகளில் மிகவும் புகழ்பெற்றவர் அதில்தான் இருக்கிறார். அவருக்கு மனநோய் இல்லை, குடிப்பழக்கம் இல்லை, மறதி இல்லை. அவர் ஊர் டாக்டர்! (சிரிக்காதீர்கள்.)

டாக்டர் ஷெப்பர்டு சொல்லும் வாக்கியங்களைத் திரும்பப் போய்ப் படித்தால் பொய் என்று பிடிப்பது கஷ்டம். சொல்லாமல் விட்டது மட்டும்தான். மரியாதையான, படித்த, ஊரே நம்பும் மனிதர் என்பதால் அந்த இடைவெளியை நாம் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம். கிறிஸ்டி பயன்படுத்தியது டாக்டர் மீது நமக்கு இருக்கும் மரியாதையை. பலவீனமானவளின் நோயை அல்ல.

திறமை என்றால் அது.

18.

முடிக்கிறேன். பிடிக்காத கதைசொல்லியைக் கண்டால் புத்தகத்தை மூடும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் "அவளைப் பிடிக்கவில்லை, அதனால் மோசமான கதை" என்று சொல்வதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: இவள் எந்த விஷயத்தில் பொய் சொல்கிறாள்? வேலை போனதை மறைப்பவள் கொலையைப் பற்றியும் பொய் சொல்வாள் என்று அர்த்தம் இல்லை.

இரண்டு: யாருக்குப் பயந்து சொல்கிறாள்?

மூன்று: இவளை நம்பாதே என்று எனக்குச் சொன்னது யார்? அதனால் அவருக்கு என்ன லாபம்?

நாவலில் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பழகியவர், பக்கத்து வீட்டில் ஒரு பெண் அடி வாங்கிவிட்டு வாசலில் நின்று அசிங்கமாகத் திட்டிக்கொண்டிருக்கும்போதும் கேட்பார் என்று நம்புகிறேன். அவளுக்கு வாய் அதிகம்தான். தெருவில் யாருக்கும் அவளைப் பிடிக்காதுதான். அவள் நெற்றியில் ரத்தம் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். சிகிச்சைக்குக் காசு வேண்டாம், போலீஸ் புகாருக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005 இருக்கிறது, "நல்ல மனைவி"களுக்கு மட்டும் என்று அதில் எங்கும் எழுதவில்லை.

பெண்கள் உதவி எண்: 181
மனநல ஆலோசனை, டெலி மானஸ்: 14416

இந்த இரண்டு எண்களையும் உங்கள் வீட்டுப் பெண்களின் போனில் பதிந்து கொடுங்கள்.

திட்ட நினைப்பவர்கள் கமெண்டில் வாருங்கள். ஆனால் 'ரெபெக்கா'வை முடித்துவிட்டு வாருங்கள்.